அனுபவம் கேட்பவர்கள் அனுபவத்தைக் கொடுக்க வேண்டாமா?

ஞாயிறு பத்திரிகைகளின் வேலைவாய்ப்பு விளம்பரங்களைப் புரட்டுகின்றவர்களுக்கு நன்கு பழக்கமான வாசகம் ஒன்று உண்டு. ‘தாதியர் தேவை. குறைந்தது இரண்டு வருட அனுபவம் அவசியம்.’ அதே பத்திரிகையின் செய்திப் பக்கத்தில் வைத்தியசாலைகளில் தாதியருக்குப் பெரும் தட்டுப்பாடு நிலவுவதாக ஒரு செய்தியும் இருக்கும். முப்பது வருடங்களுக்கும் மேலாகப் பத்திரிகைத் துறையில் இருந்துவரும் எனக்குச் செய்தியையும் விளம்பரத்தையும் அருகருகே வைத்து வாசிக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. செய்தி சொல்லத் தவறுகின்ற பலவற்றை விளம்பரம் சொல்லிவிடும்.

இந்த இரண்டையும் சேர்த்து வாசித்தால் கிடைப்பது ஒரு விசித்திரமான சித்திரம். உலகம் முழுவதிலும் 2023ஆம் ஆண்டில் 2 கோடியே 98 இலட்சம் தாதியர் இருந்ததாகவும், மேலும் 58 இலட்சம் பேருக்குப் பற்றாக்குறை நிலவியதாகவும் உலக சுகாதார நிறுவனம் 2025 மே மாதத்தில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஆனால், படிப்பை முடித்துவிட்டுப் புதிதாக வெளியே வருகின்ற ஒரு பெண்ணோ ஆணோ முதலாவது வேலையைத் தேடிப் போகும்போது எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: “முன்பு எங்கே வேலை செய்தீர்கள்?” எங்குமே வேலை செய்யாததனால்தானே அவர் வேலை தேடி வந்திருக்கிறார்!

அனுபவம் மிக்க தாதியர் எந்தக் கல்லூரியிலிருந்தும் வெளியேறுவதில்லை. அனுபவமற்ற ஒருவரை ஏதோவொரு வைத்தியசாலை வேலைக்கு எடுத்து, அனுபவம் உள்ள ஒருவரின் பக்கத்தில் நிறுத்தி, ஓரிரு வருடங்கள் பொறுமையாகப் பழக்கியெடுத்தால்தான் அத்தகைய தாதி உருவாகிறார். அந்த வைத்தியசாலையாக இருப்பதற்கு எவரும் விரும்பவில்லை. அது உருவாக்கிய தாதியை அழைத்துக்கொள்வதற்கு எல்லோரும் தயார். இதுதான் இன்றைய தாதியர் தட்டுப்பாட்டின் உண்மையான சொரூபம் என்பது எனது அபிப்பிராயம்.

இலங்கையில் இந்தப் பிரச்சினை நெடுங்காலமாக இருந்ததில்லை என்பதையும் இங்கு குறிப்பிட்டாகவேண்டும். எமது நாட்டில் தாதியாவதற்கான பிரதான வழி சுகாதார அமைச்சின் கீழ் இயங்குகின்ற தாதியர் பயிற்சிக் கல்லூரிகளே. வர்த்தமானி அறிவித்தல் வெளியாகும். க.பொ.த. உயர்தரம் சித்தியடைந்தவர்கள் விண்ணப்பிப்பார்கள். தெரிவாகின்றவர்கள் மூன்று வருடங்களுக்குக் கொடுப்பனவுடன் பயிற்சி பெற்று அரச வைத்தியசாலை ஒன்றில் நியமனம் பெறுவார்கள். பயிற்சிக் காலத்தில் அவர்கள் நடந்து திரிவதும் அதே அரச வைத்தியசாலைகளின் விடுதிகளில்தான். அந்த ஏற்பாட்டில் வேலை முதலில் நிச்சயமாகிறது. படிப்பு அதற்குப் பின்னால் வருகிறது.

பட்டப்படிப்பு வந்தபோதே இந்த ஒழுங்கு மாறியது. ஏற்கெனவே சேவையில் இருக்கின்ற தாதியருக்காக 1994ஆம் ஆண்டில் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் பட்டப்படிப்பை ஆரம்பித்தது. பின்னர் பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, ருகுணு, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் பாடசாலையிலிருந்து நேரடியாக வருகின்ற மாணவர்களுக்கு நான்கு வருடப் பட்டப்படிப்புகள் வந்தன. தாதித் தொழிலின் தரத்தை உயர்த்துவதற்கு இது அவசியமான முன்னேற்றம் என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனால், பயிற்சிக் கல்லூரிக்கு ஆட்களைச் சேர்க்கின்ற சுகாதார அமைச்சு தனது வெற்றிடங்களைக் கணக்கிட்டுச் சேர்க்கிறது. பல்கலைக்கழகங்களுக்கு மாணவர்களை அனுப்புகின்ற பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவோ இசட் புள்ளியைப் பார்க்கிறது. ஒரு கதவால் உள்ளே அனுப்புகின்றவருக்கும் மறுகதவால் வெளியே அழைக்கவேண்டியவருக்கும் இடையில் பேச்சுவார்த்தை இல்லை. இடையில் அகப்பட்டுக்கொள்வது பட்டத்தைக் கையில் வைத்திருக்கும் இருபத்தைந்து வயதுப் பிள்ளை.

எனது உறவினர் ஒருவரின் மகள் அவ்வாறு அகப்பட்டுக்கொண்டவர்களில் ஒருவர். பட்டம் பெற்ற பிறகு அரச நியமனத்துக்காக மாதக் கணக்கில் காத்திருந்தார். வீட்டில் சும்மா இருந்தால் படித்ததும் மறந்துவிடும் என்ற பயத்தில் கொழும்பில் உள்ள தனியார் வைத்தியசாலை ஒன்றில் சேர்ந்தார். சேர்ந்த அன்றே மூலச் சான்றிதழ்களை ‘பாதுகாப்புக்காக’ வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருடங்களுக்கு முன்னர் விலகினால் பணம் செலுத்தவேண்டும் என்ற பத்திரம் ஒன்றிலும் கையொப்பம் வாங்கினார்கள். மூன்றாவது வாரத்தில் இரவுக் கடமை. ஒரு மாடி முழுவதற்கும் அவரும் ஒரு உதவியாளரும் மாத்திரமே. ஒருநாள் தொலைபேசியில் அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்:

“ஆளுக்கு வருத்தம் கூடினா எனக்கு அது விளங்காமல் போயிடுமோ எண்டுதான் பயம், மாமா. கேக்கிறதுக்குப் பக்கத்திலை ஒருத்தரும் இல்லை.”

இந்தப் பயத்தை அனுபவமற்ற ஒரு பிள்ளையின் கூச்சமாகக் கருதி ஒதுக்கிவிட முடியாது. தாதித் தொழிலின் மையமே அதுதான். நோயாளியின் நிலைமை மோசமடையும்போது பெரும்பாலும் முதலில் அறிகுறி காட்டுவது சுவாசம். இரத்த அழுத்தம் வீழ்வதற்கு முன்பாகவே சுவாசத்தின் வேகம் கூடத் தொடங்கிவிடும். ஒரு நிமிடத்துக்கு எத்தனை தடவை சுவாசிக்கிறார் என்று எண்ணுவதற்கு எந்த இயந்திரமும் தேவையில்லை; மணிக்கூடும் பொறுமையும் போதும். இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால், அதிகாலை இரண்டு மணிக்கு இருபது கட்டில்களுக்கு நடுவில் நிற்கும்போது எந்தக் கட்டிலுக்கு முதலில் போய் எண்ணவேண்டும் என்பது புத்தகத்தில் இல்லை. “பன்னிரண்டாம் கட்டில் ஐயாவின் முகம் எனக்குப் பிடிக்கவில்லை, வா பார்ப்போம்” என்று ஒரு மூத்த தாதி கையைப் பிடித்து அழைத்துச் செல்லும்போதுதான் அது பிடிபடும்.

ஆய்வாளர்கள் இதை நீண்டகாலத்துக்கு முன்னரே எழுதி வைத்துவிட்டார்கள். புதிய தாதியர் ஏன் தொழிலை விட்டு ஓடுகிறார்கள் என்று ஆராய்ந்த அமெரிக்கரான மார்லின் கிரேமர், வகுப்பறையில் கற்றதற்கும் விடுதியில் காண்பதற்கும் இடையிலான மோதலை ‘யதார்த்த அதிர்ச்சி’ என்று வர்ணித்து 1974ஆம் ஆண்டில் நூல் எழுதினார். பற்றீசியா பெனர் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், ஒரு தாதி கற்றுக்குட்டி நிலையிலிருந்து நிபுணத்துவம் வரை ஐந்து படிகளில் வளர்வதாக விளக்கினார். அவற்றில் மூன்றாவது படியான தகுதி நிலையை அடைவதற்கு ஒரேவிதமான சூழலில் இரண்டு அல்லது மூன்று வருடங்கள் வேலை செய்திருக்கவேண்டும் என்பது அவரது கணிப்பு. எமது விளம்பரங்கள் கேட்கின்ற அதே இரண்டு வருடங்கள்! பெனரின் மூன்றாவது படியில் நிற்பவரைத் தாருங்கள் என்று கேட்கின்ற நிர்வாகங்கள், முதலிரண்டு படிகளும் யாருடைய வீட்டில் கட்டப்படவேண்டும் என்பதைச் சொல்வதில்லை.

சான்றிதழைப் பிடித்து வைக்கும் வழக்கம் எமது நாட்டுக்கு மாத்திரம் உரியதல்ல. பாக்கு நீரிணைக்கு அப்பால், தாதியருக்குப் பேர்போன கேரளத்தில் 2011, 2012ஆம் ஆண்டுகளில் தனியார் மருத்துவமனைத் தாதியர் தொடர்ச்சியாக வேலைநிறுத்தங்களில் இறங்கியதற்குச் சொற்பச் சம்பளத்துடன் இந்த ஒப்பந்த முறையும் காரணமாக இருந்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் வழங்கிய உத்தரவுக்கு அமைய நியமிக்கப்பட்ட குழு, 50 கட்டில்களுக்கும் குறைந்த சிறிய மருத்துவமனையில்கூட ஒரு தாதிக்கு மாதச் சம்பளம் 20,000 ரூபாவுக்குக் குறையக்கூடாது என்று விதந்துரைத்தது. அரச துறையும் இதில் தூய்மையானது அல்ல. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015ஆம் ஆண்டில் பரீட்சை நடத்தித் தெரிவுசெய்த ஆயிரக்கணக்கான தாதியர் 7,700 ரூபா தொகுப்பூதியத்தில் ஒப்பந்த அடிப்படையில் நியமிக்கப்பட்டார்கள். நிரந்தரமாக்குமாறு கோரி 2017 நவம்பரில் சென்னையில் அவர்கள் நடத்திய போராட்டம் அன்று பெரும் செய்தியாக இருந்தது. முதல் வேலைக்காக ஏங்குகின்றவரின் அவசரம் வேலை கொடுப்பவருக்கு எவ்வளவு மலிவான ஆயுதமாகிவிடுகிறது என்பதற்கு இவை சாட்சி.

தனியார் வைத்தியசாலை நிர்வாகிகள் சிலருடன் இதுபற்றிப் பேசியிருக்கிறேன். அவர்களது பதிலை மறைப்பது நியாயமாகாது. “நாங்கள் பழக்கியெடுப்போம். இரண்டு வருடம் முடிந்ததும் இங்கிலாந்துக்கோ மத்திய கிழக்குக்கோ போய்விடுவார்கள். எங்கள் செலவில் வேறு நாட்டுக்குத் தாதி தயாரிக்கவேண்டுமா?” என்று கேட்கிறார்கள். கேள்வியில் உண்மை இருக்கிறது. ஆனால், பழக்காமல் விட்டாலும் அவர்கள் போகத்தான் போகிறார்கள். பழக்கினால் இருக்கும் இரண்டு வருடங்களிலாவது நோயாளிகள் பாதுகாப்பாக இருப்பார்கள். சான்றிதழை அலுமாரியில் பூட்டி வைப்பதனால் ஒருவரின் காலைக் கட்டலாம், கவனத்தைக் கட்டமுடியாது. நோயாளிக்குத் தேவைப்படுவது கவனம்.

அரசாங்கத்தின் பக்கத்திலும் பார்க்கவேண்டிய ஒன்று உண்டு. பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்த 2022ஆம் ஆண்டில் அரச ஊழியர்கள் சம்பளமற்ற விடுமுறையில் ஐந்து வருடங்கள் வரை வெளிநாடு சென்று வேலை செய்வதற்கு அனுமதி வழங்கப்பட்டது. அன்றைய நிலையில் டொலருக்காக எதையும் செய்யவேண்டியிருந்தது. ஆனால், வெளிநாடுகள் விரும்பி அழைத்தது அனுபவம் பெற்ற தாதியரைத்தான். ஒரு விடுதியில் வயதில் மூத்த சிஸ்டரும் இருக்கிறார். நேற்று நியமனம் பெற்ற பிள்ளையும் இருக்கிறார். இடையில் எட்டு, பத்து வருட சேவையுடன் இருந்தவர்கள் போய்விட்டார்கள். புதியவருக்குக் கைபிடித்துக் கற்றுக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் அந்த இடைப்பட்டவர்களே. வெற்றிடங்களை எண்ணிக்கையால் நிரப்பிவிட்டோம் என்று அமைச்சு ஒருநாள் அறிவிக்கலாம். ஏணியின் நடுப்படிகள் இல்லாதபோது மேல்படியும் கீழ்ப்படியும் எவ்வளவு உறுதியாக இருந்தும் என்ன பயன்?

வடக்கு, கிழக்கைப் பொறுத்தவரையில் முதல் நியமனத்துக்கு மொழி என்ற இன்னொரு பரிமாணமும் உண்டு. தெற்கிலிருந்து முதல் நியமனம் பெற்று வருகின்ற ஒரு சிங்களத் தாதியிடம் முதியவர் ஒருவர் “நெஞ்சுக்குள்ளை ஏதோ செய்யுது” என்று சொன்னால் அவர் என்ன விளங்கிக்கொள்வார்? அந்த ‘ஏதோ’ மாரடைப்பின் தொடக்கமாகவும் இருக்கலாம், வாய்வுக் கோளாறாகவும் இருக்கலாம். தமிழ் தெரிந்த தாதிக்கே அதைப் பிரித்தறிய அனுபவம் வேண்டும். தென்பகுதிக்கு நியமனம் பெற்றுச் செல்கின்ற தமிழ்ப் பிள்ளையின் நிலையும் இதுதான். இருவருமே குற்றவாளிகள் அல்ல. தொழிலும் புதிது, மொழியும் புதிது என்ற இரட்டைச் சுமையை ஒரே நாளில் தலையில் ஏற்றிவிட்டு, ‘மிஸி சரியாகக் கவனிக்கவில்லை’ என்று முறையிடுவதுதான் எமது வழக்கமாக இருக்கிறது.

பிற நாடுகள் இதற்கு என்ன செய்கின்றன? எமது மக்கள் பெருமளவில் வாழ்கின்ற கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 2007ஆம் ஆண்டிலிருந்து, புதிதாகப் பட்டம் பெற்ற தாதியரை முழுநேரமாகச் சேர்த்துக்கொள்கின்ற நிறுவனங்களுக்கு ஆரம்ப மாதங்களுக்கான நிதியை வழங்கும் திட்டமொன்றை ஏற்படுத்தியது. ஜப்பானில் 2010 ஏப்ரலிலிருந்து புதிய தாதியருக்குப் பயிற்சி வழங்க முயற்சிக்கவேண்டியது வைத்தியசாலைகளின் கடமை என்று சட்டமே சொல்கிறது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை, புதியவர்களை மூத்தவர்களின் வழிகாட்டலில் வைத்திருப்பதற்கான தேசிய வழிமுறை ஒன்றை 2022ஆம் ஆண்டில் வெளியிட்டது.

ஆனால், அங்கும் எல்லாம் சுபமாக இல்லை. ஒரு காலத்தில் உலகமெங்கும் வலைவீசித் தாதியரைத் தேடிய இங்கிலாந்தில், 2025ஆம் ஆண்டில் படிப்பை முடித்தவர்கள் முதல் வேலை கிடைக்காமல் தவித்தார்கள். இலண்டனில் பிறந்து வளர்ந்த எமது பிள்ளைகளும் அவர்களில் அடக்கம். அந்த வருடம் ஆகஸ்டில் அரசாங்கம் தலையிட்டுப் புதிய தாதியருக்கும் மருத்துவிச்சிகளுக்கும் வேலை உத்தரவாதத் திட்டம் ஒன்றை அறிவிக்க நேர்ந்தது. 2008ஆம் ஆண்டு நிதி நெருக்கடிக்குப் பின்னர் கலிபோர்னியாவிலும் இதேதான் நடந்தது. ஓய்வுபெறவிருந்த தாதியர் வேலையை விடாமல் ஒட்டிக்கொள்ள, புதியவர்களுக்குக் கதவு மூடிக்கொண்டது. தட்டுப்பாடு என்பது தேவையின் கணக்கு. வேலைவாய்ப்பு என்பது பணத்தின் கணக்கு. இரண்டும் ஒன்றென்று நம்பிப் பிள்ளைகளைப் படிப்பிக்கின்ற பெற்றோர் இதைப் புரிந்துகொள்ளவேண்டும்.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இன்னும் சிலவற்றைச் சொல்லவேண்டும். எமது சமூகத்தில் முதல் வேலையைப் பற்றிக் கேட்கப்படும் கேள்வி, “சம்பளம் எவ்வளவு?” என்பதுதான். தாதி ஒருவரின் விடயத்தில் அது மூன்றாவது கேள்வியாக இருக்கவேண்டும். முதலாவது, எத்தனை வாரங்களுக்கு ஒரு மூத்த தாதியுடன் சேர்ந்து வேலை செய்யவிடுவீர்கள் என்பது. இரண்டாவது, இரவுக் கடமையில் என்னுடன் இருக்கப்போவது யார், எத்தனை நோயாளிகள் என்பது. இவற்றுக்கு முகம் சுளிக்கின்ற இடத்தில் எவ்வளவு சம்பளம் தந்தாலும் அது முதல் வேலைக்கு ஏற்ற இடமல்ல. மூலச் சான்றிதழைக் காட்டலாம், பிரதியைக் கொடுக்கலாம். மூலத்தை விட்டுவிட்டு வரக்கூடாது. நியமனக் கடிதம் எழுத்தில் இருக்கவேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு நிறுவனம் 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் செலுத்துகிறதா என்று கேட்பது உரிமை. பயிற்சிக் காலம் என்று சொல்லி அதைத் தட்டிக்கழிப்பவர்கள் இருக்கிறார்கள். 1988ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கைத் தாதியர் பேரவையில் பதிவுசெய்வதையும் தள்ளிப்போடக்கூடாது.

கேட்டால் வேலை தரமாட்டார்களே என்று பிள்ளைகள் அஞ்சுவது நியாயம். தனியொருவர் கேட்டால் அது நடக்கக்கூடும். அதனால்தான் இந்தச் சுமையை இருபத்தைந்து வயதுப் பிள்ளையின் தோளில் மாத்திரம் வைத்துவிடக்கூடாது என்கிறேன். சம்பளத்துக்காகவும் பதவி உயர்வுக்காகவும் ஓங்கிக் குரல் கொடுக்கின்ற தாதியர் தொழிற்சங்கங்கள், முதல் வருடத் தாதிக்காக ஒரு கோரிக்கையையாவது பட்டியலில் சேர்க்கட்டும். டிப்ளோமா பெரிதா, பட்டம் பெரிதா என்ற சண்டை இரவு இரண்டு மணிக்குக் கட்டிலில் கிடக்கின்ற நோயாளிக்கு எந்தவிதத்திலும் உதவாது.

செய்யவேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. பல்கலைக்கழகங்களில் தாதியர் பட்டப்படிப்பின் இறுதி வருடத்துக்கு மாணவர்கள் வருகின்றபோதே சுகாதார அமைச்சு அவர்களின் எண்ணிக்கையைப் பெற்று நியமனத்துக்குத் திகதி குறிக்கலாம். அரச வைத்தியசாலையோ தனியார் வைத்தியசாலையோ, புதிய தாதியின் முதல் மூன்று மாதங்களில் அவரைக் கடமைப் பட்டியலின் எண்ணிக்கையில் சேர்க்காமல் மேலதிகமானவராக வைத்திருக்கவேண்டும் என்று விதிக்கலாம். தனியார் வைத்தியசாலைகளை ஒழுங்குபடுத்துவதற்கு 2006ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஒவ்வொரு வருடமும் பதிவைப் புதுப்பிக்கும்போது கட்டிடத்தையும் உபகரணங்களையும் பார்ப்பவர்கள், ‘புதிய தாதியர் எத்தனை பேர், அவர்களுக்குப் பொறுப்பான மூத்தவர்கள் யார், எவருடைய சான்றிதழாவது உங்கள் அலுமாரியில் இருக்கிறதா?’ என்றும் கேட்கலாம். அதற்குப் புதிய கட்டிடமோ வெளிநாட்டுக் கடனோ தேவையில்லை.

என் உறவினர் மகளுக்குப் பின்னர் அரச நியமனம் கிடைத்துவிட்டது. தனியார் நிறுவனத்திடமிருந்து சான்றிதழ்களை மீட்பதற்கு அவருடைய தகப்பனார் கடன்பட்டுப் பணம் கட்டவேண்டியிருந்தது. இப்போது அவரது விடுதிக்கு வருகின்ற புதிய தாதியரை முதல் இரவில் தனியே விடுவதில்லை என்று தனக்குத்தானே ஒரு விதி வைத்திருக்கிறார். அமைச்சின் சுற்றுநிருபத்தில் இருக்கவேண்டிய ஒரு விதி, இன்றைக்கு ஒரு தாதியின் நல்ல மனதில் மாத்திரமே இருக்கிறது. அவருக்கு இடமாற்றம் வந்தால் அந்த விதியும் அவருடன் போய்விடும்.